லைசென்ஸ் பொம்மை செய்யப் போகிறவர்கள் முதலில் காலண்டரைப் பாருங்கள்

நாகர்கோவில் கோணம் பக்கம் எங்களுக்கு ஒரு சின்னப் பட்டறை இருக்கிறது. ஊற்றினால் இறுகிப்போகிற ரெசின் என்ற பிசினில் வார்த்து, கையால் வண்ணம் தீட்டி, அலமாரியில் வைத்துப் பார்க்கிற உருவப் பொம்மைகள் செய்கிறோம். பிள்ளைகள் உருட்டி விளையாடுகிற சாமான் இல்லை. கார்ட்டூன், கிரிக்கெட், சினிமா என்று ஏதாவது ஒன்றில் உயிரையே வைத்திருப்பவர்கள் தேடி வாங்கிச் சேர்க்கிறது. உருவம் பிடித்துத் தருகிறவர் மயிலாடிக்காரர். கல்லில் பழகிய கை. இப்போது களிமண்ணிலும் அதே சுத்தம். கணக்கும் ஒப்பந்தமும் என் பொறுப்பு.

இப்போதெல்லாம் மார்த்தாண்டம், தக்கலை பக்கமிருந்து 3டி பிரிண்டர் வாங்கிய பையன்கள் போன் செய்கிறார்கள். எல்லாரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "அக்கா, லைசென்ஸுக்கு எத்தனை சதவீதம் கேப்பாங்க?" கேட்க வேண்டிய கேள்விதான், பதிலும் சொல்கிறேன். ஆனால் சதவீதத்தால் கவிழ்ந்த ஒப்பந்தத்தை நான் பார்த்ததில்லை. காலத்தால் கவிழ்ந்ததைப் பார்த்திருக்கிறேன். ஒரு பாத்திரத்தின் முகத்தை இன்ன தேதி வரைக்கும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்கிற அனுமதிதான் லைசென்ஸ். அதற்குள் எத்தனை மாதம் பொம்மை கடையில் நிற்கும் என்று கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் உட்கார்ந்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

பெரிய கம்பெனிக்கே இது நடந்திருக்கிறது. 1977 மே மாதம் அமெரிக்காவில் ஸ்டார் வார்ஸ் படம் வந்தது. பொம்மை உரிமம் கென்னர் என்கிற கம்பெனியிடம் இருந்தது. படம் இவ்வளவு ஓடும் என்று யாரும் நினைக்கவில்லை. கிறிஸ்துமஸ் நெருங்கியும் அச்சு தயாராகவில்லை. அதனால் பொம்மை இல்லாத அட்டை உறையை விற்றார்கள். உள்ளே ஒரு சான்றிதழ். அதை அனுப்பி வைத்தால் அடுத்த வருஷம் நாலு பொம்மை தபாலில் வீடு வந்து சேரும். கென்னர் அதைச் சமாளித்துவிட்டது. கோணத்தில் இருக்கிற பட்டறை வெறும் அட்டையை விற்றுத் தப்பிக்க முடியாது.

சரி, யாரிடம் போய்க் கேட்பது? ஒரு முகத்துக்கு ஒரே உரிமையாளர் என்று நினைத்துக்கொண்டுதான் எல்லாரும் ஆரம்பிக்கிறார்கள். சினிமாப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டால் பாத்திரமும் உடையும் தயாரிப்பு நிறுவனத்திடம் இருக்கலாம், அதில் நடித்தவரின் முகம் அவருடையது. பட்டனை அமுக்கினால் பாட்டுப் பாட வேண்டும் என்றால் அந்தப் பாட்டின் உரிமை இன்னொரு கம்பெனியிடம் இருக்கும். தலேர் மெஹந்தியைப் போலவே பொம்மை செய்து, அவர் பாட்டையும் பாடவிட்டு விற்ற ஒரு கடைக்கு 2010-இல் தில்லி உயர் நீதிமன்றம் தடை போட்டது. 2015-இல் ரஜினிகாந்த் தன் பெயரையும் பாணியையும் ஒரு படத்தில் எடுத்தாண்டதை எதிர்த்துப் போன வழக்கில் சென்னை உயர் நீதிமன்றமும் அவர் பக்கம்தான் தீர்ப்புச் சொன்னது. ஆகவே தயாரிப்பாளர் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்று அச்சு வெட்டத் தொடங்கிவிடாதீர்கள். "நடிகரின் உருவத்தையும் கொடுக்கிற அதிகாரம் எங்களுக்கு உண்டு, அதில் வழக்கு வந்தால் செலவு எங்களுடையது" என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி வேண்டும். தர மறுக்கிறார்கள் என்றால் அவர்களிடம் அது இல்லை என்று அர்த்தம்.

நம் ஊருக்கே உரிய ஒரு விஷயத்தையும் இங்கே சொல்ல வேண்டும். கன்னியாகுமரிக்கு வருகிறவர்களுக்கு விற்கலாம் என்று நினைக்கிற எல்லாருக்கும் முதலில் தோன்றுவது திருவள்ளுவர் சிலையின் குட்டி வடிவம். வள்ளுவர் எல்லாருக்கும் பொதுதான், சந்தேகமில்லை. ஆனால் 2000 ஜனவரி 1 அன்று திறந்த அந்த 133 அடிச் சிலை கணபதி ஸ்தபதியின் படைப்பு, செய்யவைத்தது தமிழக அரசு. பொது இடத்தில் நிரந்தரமாக நிற்கும் சிற்பத்தைப் படம் வரையலாம், போட்டோ எடுத்து வெளியிடலாம் என்று பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொல்கிறது. அதையே முப்பரிமாணத்தில் சின்னதாக வார்த்து விற்பது அந்த விலக்கில் இல்லை. பள்ளிக்கூடத்தில் நாம் எல்லாரும் பார்த்து வளர்ந்த வள்ளுவர் முகமும் கே.ஆர். வேணுகோபால் சர்மா என்ற ஓவியர் வரைந்தது. எங்கள் சிற்பியிடம் இதைச் சொன்னபோது, "அப்போ நம்ம வள்ளுவர நாமளே பிடிப்போம் மக்கா, நமக்குத் தெரியாத ஆளா அவரு?" என்றார். சுவடியை மடியில் வைத்துக்கொண்டு பக்கவாட்டில் எதையோ கவனிக்கிற ஒரு வள்ளுவரைப் பிடித்தார். உண்மையைச் சொன்னால், எங்கள் பட்டறையில் எனக்கு மிகவும் பிடித்த பொம்மை அதுதான். யாருக்கும் ராயல்டி கிடையாது, எந்தத் தேதியும் முடிவதில்லை.

இனி பணம். உரிமையாளர் கேட்பது மூன்று. விற்பனையில் ஒரு பங்கு, அது ராயல்டி. விற்றாலும் விற்காவிட்டாலும் கொடுத்தே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தொகை, அது மினிமம் கியாரண்டி. அந்தத் தொகையில் கையெழுத்தன்றே கேட்கும் பகுதி, அட்வான்ஸ். பொம்மைகளுக்கு ராயல்டி பெரும்பாலும் 5-க்கும் 15-க்கும் நடுவில்தான் பேசப்படும். பேரம் பேசினால் அதில் ஒன்றோ இரண்டோ குறையும், அவ்வளவுதான்.

கவனம் முழுக்க இரண்டாவதில் இருக்கட்டும். ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். மொத்த வியாபாரிக்கு ஒரு பொம்மையை 800 ரூபாய்க்குக் கொடுக்கிறீர்கள். ராயல்டி 10 சதவீதம், பொம்மைக்கு 80 ரூபாய். கியாரண்டி 4 லட்சம். 5,000 பொம்மை விற்றால்தான் அந்த 4 லட்சம் கழியும். 3,000 மட்டும் விற்றீர்கள் என்றால் பொம்மைக்கு 133 ரூபாய் போயிருக்கும். 10 சதவீதத்துக்குப் பேசிவிட்டு கிட்டத்தட்ட 17 சதவீதம் கொடுக்கிறீர்கள். எனவே சதவீதத்தில் ஒன்று குறைக்கப் போராடுவதைவிட, 4 லட்சத்தை இரண்டரையாகக் குறைக்கப் போராடுங்கள். "சதவீதம் ஒன்றைக் கூட்டிக்கொள்ளுங்கள், கியாரண்டியைக் குறையுங்கள்" என்று நானே கேட்டிருக்கிறேன். விற்கும் என்று நம்புகிற உரிமையாளர் அதற்கு ஒப்புக்கொள்வார்.

கியாரண்டியை வருஷவாரியாகப் பிரித்தால் இன்னொன்றையும் பாருங்கள். முதல் வருஷம் குறைவாக விற்று, இரண்டாம் வருஷம் நன்றாக விற்றால், கூடுதலை முதல் வருஷப் பற்றாக்குறையோடு ஈடுகட்டலாமா? எழுதாவிட்டால் முடியாது என்றுதான் சொல்வார்கள். முதல் வருஷத்தில் பாதி ஒப்புதல் வாங்குவதிலேயே போய்விடும் என்பதால் இந்த ஒரு வரி சின்னப் பட்டறைக்கு உயிர்நாடி.

ஒப்புதலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் நாட்கள் அங்கேதான் கரைகின்றன. உரிமையாளர் முதலில் ஒரு கையேடு தருவார். பாத்திரத்தின் முன், பின், பக்கத் தோற்றங்கள், நிற எண்கள், எது செய்யலாம் எது செய்யக் கூடாது, எல்லாம் அதில் இருக்கும். அதை வைத்து நாம் வரைபடம் அனுப்ப வேண்டும். அது சரி என்றால் உருவம் பிடித்துப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். அடுத்து வண்ணம் தீட்டிய மாதிரி. அப்புறம் பெட்டி, பெட்டியில் அச்சாகும் பதிப்புரிமை வரி. கடைசியாக உற்பத்தியில் வந்த முதல் பொம்மை. ஒவ்வொரு படியிலும் திருத்தம் வரும், ஒரு படி தாண்டாமல் அடுத்ததற்குப் போகக் கூடாது. நிறைய ஒப்பந்தங்களில், குறித்த நாளுக்குள் அவர்களிடமிருந்து பதில் வராவிட்டால் மறுத்துவிட்டதாகவே கொள்ள வேண்டும் என்று இருக்கும். அதாவது மௌனம் சம்மதம் இல்லை.

ஒரு கார்ட்டூன் பாத்திரத்துக்கு அப்படி உருவம் அனுப்பியபோது, மும்பையிலிருந்து வீடியோ அழைப்பில் ஒரு பெண் பார்த்தார். "இடது புருவம் கோபமாக இருக்கிறது, இந்தப் பாத்திரம் ஒருபோதும் கோபப்படாது" என்றார். எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. சிற்பி பொம்மையைச் சன்னலோரம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம், "அவங்க சொல்லது சரிதான் மக்கா. கல்லுலயும் அரை நூல் ஏறிப்போச்சுன்னா சிரிப்பு முறைப்பா மாறிரும்" என்று சொல்லிக் கட்டை விரல் நகத்தால் புருவத்தின் ஓரத்தை லேசாக அழுத்தினார். அழுத்தியது தெரியக்கூட இல்லை, ஆனால் முகம் மாறிவிட்டது. மறுநாள் ஒப்புதல் வந்தது. பாத்திரத்தைக் காக்க வேண்டியது அவர்கள் வேலை, அதில் எனக்குக் குறையே இல்லை. அப்படிப் பார்க்கிறவர்களோடு வேலை செய்வது சந்தோஷம்.

குறை வேறு இடத்தில். அதே ஒப்பந்தத்தில் வண்ண மாதிரியைக் கூரியரில் அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் பதிலே இல்லாமல் காத்திருந்தோம். பார்க்க வேண்டியவர் வேலை மாறிப் போய்விட்டார், புதிதாக வந்தவர் ஏற்கெனவே முடிந்த உருவத்திலேயே மாற்றம் கேட்டார். அதற்குள் மழை வந்துவிட்டது. நம் மாவட்டத்துக்குத் தென்மேற்கும் உண்டு, வடகிழக்கும் உண்டு. பாலியூரித்தேன் ரெசின் ஈரத்தை இழுக்கும், வார்ப்பில் குமிழி விழும், பூசிய வார்னிஷ் வெளிறிப் போகும். மழைக்கு முன்னால் வார்த்து முடிக்கப் போட்ட திட்டம் அத்தனையும் தள்ளிப்போனது. லைசென்ஸ் காலண்டர் மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

அதனால் இப்போது எந்த ஒப்பந்தம் வந்தாலும் நான் முதலில் தேடுவது மூன்று வரிகளை. பதிலுக்கு ஒரு கெடு இருக்க வேண்டும், 10 வேலை நாள் என்றால் நியாயம். அவர்கள் தாமதிக்கிற ஒவ்வொரு நாளும் லைசென்ஸ் காலத்தின் முடிவில் சேர வேண்டும். ஒரு படியில் ஒப்புதல் கொடுத்த பிறகு மனம் மாறினால் அந்தச் செலவு அவர்களுடையது. இதோடு காலம் எந்த நாளில் தொடங்குகிறது என்பதும் உண்டு. கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து இரண்டு வருஷம் என்பதும், முதல் மாதிரி ஒப்புதலாகும் நாளிலிருந்து இரண்டு வருஷம் என்பதும் ஒன்றல்ல. 24 மாதத்தில் 7 மாதம் ஒப்புதலுக்கும் 3 மாதம் உற்பத்திக்கும் போனால் கடையில் விற்க 14 மாதம்தான். 4 லட்சத்தை 24-ஆல் வகுத்துப் பார்ப்பதும் 14-ஆல் வகுத்துப் பார்ப்பதும் எவ்வளவு வித்தியாசம் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

எந்தத் தொகையின் மேல் ராயல்டி என்பதையும் நிதானமாகப் படிக்க வேண்டும். "நிகர விற்பனை" என்று எழுதியிருப்பார்கள். ஜிஎஸ்டி கழியும், திரும்பி வந்த சரக்கு கழியும், தள்ளுபடி ஓரளவுக்கு மட்டும் கழியும். விளம்பரச் செலவு, வராத கடன், ஆன்லைன் தளம் பிடித்துக்கொள்ளும் கமிஷன் இவையெல்லாம் பெரும்பாலும் கழியாது. நாமே நம் தளத்திலோ, கன்னியாகுமரி கடற்கரையில் ஒரு ஸ்டால் போட்டோ நேரடியாக விற்றால், வாடிக்கையாளர் கொடுக்கிற முழு விலைக்கும் ராயல்டி கேட்பார்கள். 800-க்குப் பதில் 1,500-க்குப் பத்து சதவீதம் என்றால் பொம்மைக்கு 150 ஆகிவிடும். நேரடி விற்பனைக்கும் மொத்த விலையையே அடிப்படையாக வையுங்கள், இல்லாவிட்டால் அதற்கு மட்டும் சதவீதத்தைக் குறையுங்கள் என்று கேளுங்கள். அப்படியே, எங்கே விற்கலாம் என்கிற பட்டியலில் ஆன்லைனும் ஸ்டாலும் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பட்டியலில் இல்லாத இடத்தில் விற்றால் ஒப்பந்த மீறல். கணக்கைச் சோதிக்க அவர்களுக்கு உரிமை உண்டு. ஆகவே எத்தனை வார்த்தோம், எத்தனை உடைந்தது, எத்தனை இலவசமாகக் கொடுத்தோம் என்று பதிவு வைத்திருங்கள். ஹோலோகிராம் ஸ்டிக்கர் வாங்கி ஒட்டச் சொன்னால் அந்த எண்ணிக்கையும் ஒத்துப்போக வேண்டும்.

வரியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ராயல்டி மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. உள்நாட்டு உரிமையாளர் என்றால் வரம்புக்கு மேற்பட்ட தொகைக்கு 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது கொடுப்பதற்கு முன்பே பிடிக்கிற வருமான வரி, பிடித்துக் கட்ட வேண்டும். வெளிநாட்டவர் என்றால் அந்தப் பிடித்தமும் வேறு, ஜிஎஸ்டியையும் நாமே கட்ட வேண்டும். "எந்தப் பிடித்தமும் இல்லாமல் முழுத்தொகையும் எங்கள் கைக்கு வர வேண்டும்" என்று ஒரு வரி இருந்தால் அவர்களுடைய வரியும் உங்கள் தலையில் விழும். ஆடிட்டரிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள். தகராறு என்றால் மும்பையில் நடுவர் என்று எழுதியிருந்தால், செலவைப் பார்த்தே நாம் வழக்குப் போட மாட்டோம் என்பது அவர்களுக்குத் தெரியும். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை எல்லைக்குள் கொண்டுவர முடியாவிட்டாலும், விசாரணை காணொளியில் நடக்கலாம் என்றாவது சேர்க்கச் சொல்லுங்கள்.

2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கிற பொம்மைக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் விளையாடுவதற்கான பொருள் எல்லாம் அதில் வரும். பெட்டியில் "பெரியவர்கள் சேகரிப்புக்கு" என்று அச்சடித்துவிட்டால் தப்பித்துவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். பார்த்தால் பிள்ளை கையை நீட்டுகிற மாதிரியான பொருளாக இருந்தால் அந்த அச்சு மட்டும் காப்பாற்றாது. எதில் சேரும் என்று அந்த முத்திரையைத் தருகிற பிஐஎஸ் அமைப்பிடம் முன்னாடியே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். பரிசோதனைக்கு ஆகும் மாதங்களும் அந்த லைசென்ஸ் காலத்திலிருந்துதான் கழியும்.

முடிவுக் காலத்தைப் பற்றி ஆரம்பத்திலேயே பேசிவிட வேண்டும். காலம் முடிந்ததும் கையிருப்பை விற்றுத் தீர்க்கப் பெரும்பாலும் 90 நாள் தருவார்கள், அதுவும் பாக்கி எல்லாம் கட்டியிருந்தால். அதற்குப் பிறகு மிச்சமிருப்பதை உடைத்துவிட்டு, உடைத்தோம் என்று எழுதிக்கொடுக்க வேண்டும். அச்சும் போகும். புதுப்பிப்பார்கள் என்று நம்பிச் சரக்கைக் குவிக்காதீர்கள். டிஸ்னி இளவரசிப் பொம்மைகளை வெகுகாலம் செய்துவந்த மேட்டல் நிறுவனமே 2016-இல் அந்த உரிமத்தை ஹாஸ்ப்ரோவிடம் இழந்தது. திரும்பப் பெற 2023 ஆனது. கடைசி மூன்று மாதம் புதிதாக வார்ப்பதில்லை என்று நாங்களே ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். சிலிக்கோன் அச்சு எப்படியும் சில டஜன் வார்ப்புக்கு மேல் தாங்காது, அதனால் தேவைக்கு ஏற்ப வார்ப்பது எங்களுக்குக் கஷ்டமில்லை. ஸ்டீல் அச்சு போட்டு பிளாஸ்டிக்கில் செய்கிறவர்கள்தான் ரொம்ப யோசிக்க வேண்டும். அந்த அச்சின் விலையை ஒரே லைசென்ஸ் காலத்துக்குள் எடுத்தாக வேண்டும்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு இன்னொரு பக்கத்தையும் சொல்லாவிட்டால் மனசு கேட்காது. மயிலாடியில் உளி பிடிக்கிற இத்தனை கைகள் இருக்கும்போது, நாம் ஏன் எப்போதும் லைசென்ஸ் வாங்குகிறவர்களாகவே இருக்க வேண்டும்? உலகமே தேடுகிற லபூபு பொம்மை, காசிங் லங் என்ற ஓவியர் 2015-இல் தன் படக்கதைகளுக்காக வரைந்த பாத்திரம். பாப் மார்ட் என்கிற சீனப் பொம்மைக் கம்பெனி அவரிடம் லைசென்ஸ் வாங்கியது 2019-இல்தான். முகம் ஓவியருடையது, ஆலையும் கடையும் கம்பெனியுடையது. எங்கள் சிற்பியும் சொந்தமாக ஓர் உருவம் பிடித்திருக்கிறார்: தலையில் கூடையோடு மீன் விற்கப் போகும் ஒரு குளச்சல் பாட்டி. அதைக் கண்காட்சியில் வைப்பதற்கு முன்னால் டிசைன் பதிவுக்கு விண்ணப்பித்தோம். வெளியே காட்டிய பிறகு போனால் புதியது என்று ஏற்க மாட்டார்கள். பதிவு செய்யக்கூடிய டிசைனைப் பதியாமல் 50-க்கு மேல் படியெடுத்துவிட்டால், பதிப்புரிமைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவின்படி அதில் பதிப்புரிமையும் நிற்காது. பதிந்தால் 10 வருஷம், நீட்டித்தால் இன்னும் 5.

பாட்டியைப் பெரிய அளவில் செய்துதர வெளியூர்க் கம்பெனி ஒன்று கேட்டிருக்கிறது, பேச்சு நடக்கிறது. உரிமம் பொம்மைக்கு மட்டும், இந்தியாவுக்கு மட்டும், இரண்டு வருஷத்துக்கு மட்டும் என்று தெளிவாக எழுதச் சொல்லியிருக்கிறேன். எழுதாமல் விட்டால் காலம் ஐந்து வருஷம் என்று சட்டமே எடுத்துக்கொள்ளும். பீடத்தின் அடியில் சிற்பியின் பெயர் இருக்க வேண்டும் என்பது அவர் கேட்ட ஒரே நிபந்தனை. அவர்கள் மாதிரி அனுப்பினால் 10 வேலை நாளுக்குள் பதில் சொல்வோம், தாமதித்தால் அத்தனை நாளையும் அவர்கள் காலத்தில் கூட்டித் தருவோம் என்ற வரியை அவர்கள் கேட்காமலே நான் சேர்த்துவிட்டேன்.